அடுப்படிக்குக் கேட்கும் குரல்

சங்கரலிங்கத்துக்குப் பேச்சு போய்விட்டது என்று குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கத் தெரியும். கட்டிய மனைவி தமயந்தியும் அதை நம்பித்தான் இருந்தாள், அந்த மார்கழிக் காலையில் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடும் வரைக்கும்.

முதல் ஷிப்ட் பஸ் வரும் நேரம். பனி இறங்கி எதிர் வரிசை வீடுகளே தெரியவில்லை. சுரங்கத்துக்குப் போகிறவர்கள் மப்ளரும் ஹெல்மெட்டுமாக வேப்பமரத்தடியில் நின்றார்கள். மனுஷர் கேரியரை மறந்துவிட்டுப் போய்விட்டாரே, மத்தியானம் வரை பட்டினி கிடப்பாரே என்று பதறி வந்தவள் மரத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள். கூட்டத்துக்கு நடுவில் சங்கரலிங்கம். கை ரெண்டும் பறக்கிறது. வாய் அகல அகலத் திறந்து மூடுகிறது. புருவம் ஏறுகிறது, இறங்குகிறது. சத்தம் மட்டும் இல்லை. சுற்றி நின்றவர்களோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். பன்னீர்செல்வம் சிரிப்புத் தாங்காமல் குத்தவைத்தே உட்கார்ந்துவிட்டான்.

அவள் கேரியரை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். அவளைப் பார்த்ததும் அந்த வாய், கடைக்காரன் ஷட்டரை இழுத்துவிட்ட மாதிரி மூடிக்கொண்டது.

வீட்டுக்குத் திரும்பி வந்து அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. இந்த ஆளுக்காகவா இத்தனை மாதமாக உருகிக்கொண்டிருந்தோம்? ஊருக்கெல்லாம் வாய் இருக்கிறது, வீட்டுக்குத்தான் இல்லையா?

நியாயத்தையும் சொல்ல வேண்டும். போன ஆடியில் தொண்டையில் கட்டி என்று புதுச்சேரிக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டார். உயிர் தப்பியது, குரல் தப்பவில்லை. மிச்சம் இருந்ததெல்லாம் காற்றும் கொஞ்சம் கரகரப்பும்தான். காற்றை அழுத்தித் தள்ளிப் பேசிப் பழகினால் பக்கத்தில் இருப்பவர் காதுக்காவது எட்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வீட்டில் பழக்கம் நடந்தது. அவர் ஒன்று சொல்வார், இவள் "என்ன?" என்பாள். மறுபடி சொல்வார், "என்னங்க?" என்பாள். அடுத்த தரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். மகள் வாங்கி அனுப்பிய எழுதும் பலகை ஒரே நாளில் பீரோவுக்கு மேலே ஏறிவிட்டது. அப்புறம் சாப்பாட்டுக்குத் தட்டைத் தட்டுவது, காப்பிக்கு டம்ளரைத் தட்டுவது என்று குடித்தனம் தட்டிக்கொண்டே நடந்தது.

சுரங்கத்தில் கதை வேறு. அவருக்கு வேலை பெல்ட்டில். பழுப்பு நிலக்கரியைச் சுமந்துகொண்டு மைல் கணக்கில் ஓடும் பெல்ட்டை இழுக்கிற மோட்டார்கள் உறுமுகிற இடத்தில் எவனும் காதால் கேட்டுப் பேசினதில்லை. எதிராளியின் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. தொண்டையைக் கிழித்துக் கத்தினாலும் அங்கே கேட்காது என்பதால் யாரும் கத்துவதில்லை. வாயை மட்டும் அகலத் திறந்து அசைப்பார்கள், அவ்வளவுதான். ஆகவே கூட்டாளிகளைப் பொறுத்தவரை அண்ணனுக்கு ஒன்றுமே ஆகவில்லை. லைட் டியூட்டிக்கு மாற்றியிருக்கிறார்கள், அது ஒன்றுதான் வித்தியாசம்.

ஆனால் ஏப்ரல் கடைசியில் ரிட்டயர்மெண்ட். அதற்கப்புறம் ஷிப்ட் பஸ் இல்லை, பெல்ட் இல்லை, உதடு படிக்கிற ஆட்களும் இல்லை. வடலூரில் எழும்பிக்கொண்டிருக்கிற வீட்டில் அவரும் அவளும் மட்டும். ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் தட்டையும் டம்ளரையும் தட்டிக்கொண்டு மிச்சக் காலத்தை ஓட்டுவதை நினைத்தாலே தமயந்திக்குப் பகீரென்றது.

பொங்கலுக்கு வந்த காயத்ரியிடம் பஸ் நிறுத்தத்துக் கதையைச் சொல்லி மூக்கைச் சிந்தினாள். காயத்ரிக்குச் சென்னையில் வேலை. போன் மாதிரி கருவிகளுக்கு மனுஷர் பேச்சு விளங்கும்படி செய்கிற சின்னக் கம்பெனி.

"அதுக்குத்தாம்மா இதக் கொண்டாந்திருக்கேன்" என்று ஒரு போனை எடுத்து வைத்தாள். "நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசினா இதுக்கு நல்லாப் புரியும். அப்பா மாதிரி தொண்டைன்னா தெகச்சுப் போயிடும். அப்பா குரலையே தனியாப் பழக்கணும்."

"பழக்குறதுன்னா? நாய்க்குட்டியாடி அது?"

"அப்படித்தான் வச்சுக்கயேன். அன்னாடம் பேசுற பேச்சையே அப்பா நெறைய தடவ பேசணும். பேசப் பேசக் கூட இருக்கிற ஆளு, அவரு என்ன சொன்னாருன்னு வெளங்கச் சொல்லணும். ரெண்டையும் வச்சுப் பாத்து அது கத்துக்கும். அப்புறம் அப்பா காத்தாப் பேசினாலும் போன் தெளிவாத் திருப்பிச் சொல்லும்."

"எழுதிக் குடுத்து வாசிக்கச் சொல்லேன்."

"வாசிக்கும்போது ஒரு மாதிரி, பேசும்போது ஒரு மாதிரிம்மா. எங்களுக்குப் பேச்சுதான் வேணும். அதுவுமில்லாம காலைல ஒரு பேப்பரக் குடுத்தேன், கண்ணாடியக் கழட்டி வச்சிட்டாரு."

"அவரு என்ன பேசுறாருன்னு தெரிஞ்சா நான் ஏண்டி இதத் தேடப் போறேன்?"

"உனக்குத்தான் தெரியாது. பன்னீர் மாமாவுக்குத் தெரியுமே" என்றாள் காயத்ரி. சாதாரணமாகத்தான் சொன்னாள். தமயந்திக்கு அது சுருக்கென்று தைத்தது.

பன்னீர்செல்வத்துக்குச் சொந்த ஊர் குறிஞ்சிப்பாடிப் பக்கம். வருஷக்கணக்கில் கான்ட்ராக்டில் கிடந்து, சங்கரலிங்கத்தோடு பெல்ட்டில் நின்று, பிற்பாடு பெர்மனென்ட் ஆனவன். அண்ணனுக்கு என்றால் ஓடி வருவான். முதல் ஷிப்ட் முடிந்த கையோடு ரெண்டு பேரும் ஹாலில் எதிரும் புதிருமாக உட்கார்ந்துவிடுவார்கள். நடுவில் ஸ்டூலின் மேல் போன். தமயந்தி அடுப்படியில் தேன்குழல் பிழிந்துகொண்டே காதைத் தீட்டி வைத்திருப்பாள்.

"கேட் வால்வு லீக்காவுது, பிளம்பர் பெருமாள்கிட்ட சொல்லணும்" என்று பன்னீர்செல்வத்தின் குரல் போனுக்கு எடுத்துச் சொல்லும். கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. "முருங்கை மரத்துல கம்பளிப்பூச்சி வந்துட்ச்சி." மறுபடி ஒன்றும் இருக்காது. அப்புறம் திடீரென்று கெக்கெக்கே என்று அவன் சிரிப்பு.

"என்ன தம்பி, என்ன சொன்னாங்க?" என்று இவள் இங்கிருந்து கேட்பாள்.

"ஒண்ணுமில்லக்கா. அது மைன்ஸ் மேட்டரு."

தேன்குழல் தட்டு காலியாகும், காப்பி ரெண்டு சுற்று போகும், சாயங்காலம் பன்னீர்செல்வம் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவான். வெளிக்கொடியில் காய்ந்த துணியை அவள் உதறி உள்ளே கொண்டுவருவாள். கரித்தூள் பறக்கும். எல்லாம் நல்லதுக்குத்தான் என்று தன்னைத் தேற்றிக்கொள்வாள். இப்படியே தை போய் மாசி பிறந்தது.

ஒரு மத்தியானம் காயத்ரி கூப்பிட்டாள். பன்னீர்செல்வம் அப்போதுதான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். தமயந்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, பதிவானதுல ஒண்ணுமே இல்லம்மா."

"என்னடி சொல்ற? நாள் தவறாம ரெண்டு பேரும் உக்காந்து பேசிட்டில்ல இருக்காங்க?"

"பன்னீர் மாமா குரல் இருக்கு. அவரு சிரிப்பு இருக்கு. ஃபேன் சத்தம் இருக்கு. நீ அடுப்படியில பாத்திரத்தப் போடுற சத்தம்கூட இருக்கு. அப்பா மட்டும் எங்கயுமே இல்ல."

பன்னீர்செல்வம் தலையில் அடித்துக்கொண்டான். "அய்யய்ய, எனக்குப் புத்தி எங்க போச்சு? அக்கா, நான் எதுர்ல மூஞ்சப் பாத்துகினு ஒக்காந்தா அண்ணன் எதுக்குக் காத்தத் தள்ளுவாரு? ஒதடு போதுமே எனக்கு. பெல்ட்டாண்ட நாங்க எல்லாருமே அப்டித்தான். அவரு வாயத்தான் அசைச்சிகினு இருந்தாரு, நானும் பாத்துப் பாத்துச் சொல்லிகினு இருந்தேன்."

படித்த பெண்ணுக்கும் அது தோன்றவில்லை, பெல்ட்டில் நின்றவர்களுக்கும் தோன்றவில்லை. ஒரு மாசமாக இரண்டு ஆண்பிள்ளைகள் ஒரு போனை நடுவில் வைத்துச் சத்தமில்லாமல் அரட்டை அடித்திருக்கிறார்கள். வேறு வீடாக இருந்தால் தமயந்தியே சிரித்திருப்பாள்.

சங்கரலிங்கம் எழுந்தார். பன்னீர்செல்வத்தைப் பார்த்து உதட்டை அசைத்து ஏதோ சொன்னார். துண்டு தோளுக்குப் போனது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"என்ன சொல்லிட்டுப் போறாங்க?"

"ஒண்ணுமில்லக்கா. காப்பி நல்லா இருந்துச்சாம்."

"இன்னைக்கு இன்னும் காப்பியே போடல தம்பி."

பன்னீர்செல்வம் கால் கட்டை விரலால் தரையைத் தேய்த்தான். "வேணாங்கா."

"சொல்லு."

"இந்த வேலையெல்லாம் போதும்னாரு. நான் பேசித்தான் என்ன, கேக்குறதுக்கு யாரு இருக்கான்னாரு."

டவுன்ஷிப்புக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகி, தமயந்தியின் பேச்சில் ஊர்வாசனை எல்லாம் போய்விட்டிருந்தது. கோபம் வந்தால் மட்டும் சங்கரன்கோவில் வந்து குதித்துவிடும். "கேக்குறதுக்கு யாரு இருக்கான்னா சொல்லுதாவ? அப்போ இத்தன வருசமா அவுக பேசுனதெல்லாம் செவுத்துக்கிட்டயா? நான் என்ன மனுசி இல்லையா?"

அவன் போன பிறகும் அவள் அடுப்படியில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். கத்திக் களைத்தபோது எதிரே பார்த்தாள். சுவர். புகை படிந்த சுவர், அதில் ஒரு காலண்டர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் ஹாலில் உட்கார்ந்து பேசுவார், இவள் இங்கே நின்று அடுப்பைப் பார்த்தபடி பதில் சொல்லுவாள். ஷிப்ட் போனது, மேஸ்திரியோடு சண்டை போட்டது, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டியது எல்லாம் முதுகு வழியாகக் கேட்டதுதான். அவர் சாப்பிடும்போதும் தோசை வார்த்துக்கொண்டு இங்கேதான் நிற்பாள். அவர் கை கழுவிப் போன பிறகுதான் இவளுக்குத் தட்டு. பேசும்போது அந்த மனுஷர் வாய் எப்படிக் கோணும் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

அழுகை வந்தது. அழுதாள். முகத்தைக் கழுவித் துடைத்தபோதுதான் அது உறைத்தது. உதடு தெரிந்தவன் எதிரே இருப்பதால்தானே அவர் காற்றைத் தள்ளவில்லை? உதடே தெரியாதவள், திரும்பியும் பார்க்காதவள் ஒருத்தி இருக்கிறாளே!

மறுநாள் அவருக்கு வார ஓய்வு. காலையிலேயே போனை எடுத்து அடுப்படி நிலைப்படியை ஒட்டிய திட்டில் வைத்தாள். அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

"எனக்கு உதடு படிக்கத் தெரியாது. படிக்கப் போறதும் இல்ல. நான் இப்படித்தான் நிப்பேன். காப்பி வேணும்னா வாயால கேளுங்க. டம்ளரத் தட்டுனா டம்ளருதான் வரும்."

அவர் டம்ளரைத் தட்டினார். அவள் இன்னொரு டம்ளரைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள், காலி டம்ளர். மறுபடி தட்டினார். இன்னொன்று போனது. கொஞ்ச நேரத்தில் மனுஷர் எழுந்து அடுப்படிக்குள்ளேயே வந்து அவள் முகத்துக்கு நேரே வாயைத் திறந்தார். அவள் சட்டென்று மற்றப் பக்கம் திரும்பினாள். அவர் அந்தப் பக்கம் போனார். இவள் இந்தப் பக்கம் வந்தாள். கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டுச் சகாயமேரி ஜன்னலுக்கு வெளியே நின்று இதையெல்லாம் பார்த்துவிட்டாள்.

"ஏன் தமயந்தி, அண்ணனோட கோலாட்டமா? நான் அப்புறமா வரட்டுமா?"

சங்கரலிங்கம் ஹாலுக்கு ஓடிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். வெயில் ஏறியது. காப்பி இல்லாமல் அந்த ஆளால் இருக்கவே முடியாது என்பது அவளுக்குத் தெரியும். கடைசியில் வந்தது, சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மோரைக் கொண்டுபோய் வைத்தாள். அவர் முறைத்தார். திரும்பி வந்து நின்றாள். மறுபடி சத்தம், இந்தத் தரம் கொஞ்சம் அழுத்தி. ஆரம்பத்தில் ஒரு வெட்டு, முடிவில் ஒரு சீறல்.

"காப்பி வேணும். சரியா?"

நாற்காலிக் கையில் ஒரு தட்டு. சரி என்று அர்த்தம். அவள் டிகாக்ஷன் இறக்கினாள். நுரை பொங்க ஆற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அன்றிலிருந்து அதுவே முறையாகிவிட்டது. அவர் முதுகைப் பார்த்துச் சொல்வார். அவள் அடுப்பைப் பார்த்துத் திருப்பிச் சொல்வாள். சரி என்றால் ஒரு தட்டு. தப்பு என்றால் துண்டை உதறுகிற சத்தம். சண்டைக்கும் குறைவில்லை. கத்தரிக்காய் குழம்பு வேண்டாம் என்று அவர் மூச்சைப் பிடித்து மூன்று நாள் போராடினார். நாலாவது நாள் அவளுக்குப் புரிந்தது, புரிந்த பிறகும் அவள் கத்தரிக்காயே வைத்தாள். அந்தக் கோபத்தில் அவர் தள்ளிய காற்று இருக்கிறதே, அதுவரை வந்ததிலேயே அதுதான் பலமான சத்தம்.

"அம்மா, நேத்து அனுப்புனது பிரமாதம்!" என்று காயத்ரி போனில் குதித்தாள். "அப்பா அப்படி என்னதான் சொன்னாரு?"

"என்னைய வையுதாரு. நல்லாப் பதிஞ்சிருக்கா?"

"நல்லாப் பதிஞ்சிருக்கு."

"அப்போ நாளைக்கும் கத்தரிக்காதான்."

மெஷினும் லேசில் வழிக்கு வரவில்லை. தண்ணீர் கேட்டால் விசிறி போடச் சொல்லும். பேப்பர் கேட்டால் பேசாமல் இருந்துவிடும். காயத்ரி சனிக்கிழமை தோறும் வந்து எதையோ திருத்திவிட்டுப் போவாள். பங்குனியில் முந்திரிக் காட்டுப் பக்கமிருந்து வெக்கைக் காற்று அடிக்கத் தொடங்கியபோது, அவர் தினமும் பேசுகிற பேச்சில் பெரும்பாலானதை அது பிடித்துக்கொண்டது. முதலில் அதற்கு ஒரு பெண் குரல் வைத்திருந்தாள். அவர் காதைப் பொத்திக்கொண்டார். மாற்றி ஒரு ஆண் குரல் வைத்தாள்.

'ஃபேன் கொஞ்சம் கூட்டு' என்றது போன், கணீரென்று.

"ஏங்க, வடலூர் டவுன் பஸ் கண்டக்டர் மாதிரில்ல பேசுறீங்க!" என்றாள் தமயந்தி.

பின்னாலிருந்து மூச்சு விட்டு விட்டு வந்தது. அவர் சிரிக்கிறார். திரும்பிப் பார்க்காமலே அது தெரிந்தது. ஆபரேஷனுக்கு அப்புறம் அந்த வீட்டுக்குள் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஏப்ரல் கடைசி நாள் செக்ஷனில் சந்தன மாலை போட்டு, சால்வை போர்த்தி, பேசுகிறவர்கள் எல்லாம் பேசி, சங்கரலிங்கத்தை ஜீப்பில் வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். கூடவே பெல்ட்டுக் கூட்டாளிகளும் வந்து இறங்கினார்கள். ஹாலில் பாயை விரித்து இலை போட்டாயிற்று. தமயந்தி விடிகாலையிலிருந்தே தேங்காய்ப் பால் பிழிந்து சொதி வைத்துக்கொண்டிருந்தாள். கூட இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்குப் பொரியல், பச்சை முந்திரி போட்டு ஒரு கூட்டு. பரிமாறக் காயத்ரியும் சகாயமேரியும். சொதி மட்டும் இன்னும் அடுப்பில் கொதி வராமல் நின்றது. தேங்காய்ப் பால் திரிந்துவிடக் கூடாது, அவள் அதை விட்டு நகரவில்லை.

பன்னீர்செல்வம் போனை நடுவில் வைத்தான். "அண்ணே, எங்களுக்கும் காட்டுங்க. மெஷின் பேசுதாமே!"

சங்கரலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்து காற்றைத் தள்ளினார்.

'எல்லாரும் கூச்சப்படாம நல்லாச் சாப்பிடுங்க' என்றது போன்.

விசிலும் கைதட்டலுமாக வீடு அதிர்ந்தது. உதடு பார்த்தே அவரோடு காலம் தள்ளியவர்கள் ஆபரேஷனுக்கு அப்புறம் அவர் சொல்லை முதல் தடவையாகக் காதால் கேட்கிறார்கள். பன்னீர்செல்வம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அண்ணே, இத்தினி நாளு எங்களத்தான் கலாய்ச்சிகினு இருந்தீங்க. இனிமே வடலூர்ல ஒருத்தனும் தப்ப மாட்டான்" என்றான். அடுப்படியில் தமயந்தி கரண்டியும் கையுமாக நின்று சிரித்தாள். ஜெயித்துவிட்டோம் என்று இருந்தது. இனி அவர் கடைக்குப் போகலாம், டாக்டரிடம் பேசலாம், பேரப்பிள்ளை பிறந்தால் கதை சொல்லலாம்.

ஆரவாரம் அடங்கியது. அப்போது சங்கரலிங்கம் தலையைத் திருப்பினார், அடுப்படிப் பக்கம். கூட்டாளிகளுக்கு அவருடைய பின்னந்தலைதான் தெரிந்தது. தமயந்தி வழக்கம் போல் அடுப்பைப் பார்த்து நின்றிருந்தாள்.

காற்று வந்தது. நீளமாக, நடுவில் ஒரு தரம் மூச்சு வாங்கி, மறுபடியும்.

'தமயந்தி' என்றது போன். அதற்கு மேல் அதற்கு ஓடவில்லை. இந்தப் பேச்சை அவர் அந்த வீட்டில் ஒரு நாளும் பேசினதில்லை, அது எங்கே போய்க் கற்கும்?

ஆனால் அவளுக்குக் கேட்டது. ஒரு எழுத்து விடாமல் கேட்டது. 'தமயந்தி, அடுப்ப அணச்சிட்டு நீயும் வந்து எம் பக்கத்துல உக்காரு. சேந்து சாப்பிடுவோம்.'

கரண்டி கையிலேயே இருந்தது. சொதியில் ஓரமாக நுரை கட்டி ஒரு கொதி வந்தது. அவள் கண்ணுக்கு அது மங்கலாகத்தான் தெரிந்தது.

"அம்மா, இது புதுசு, அதுக்குத் தெரியல" என்று காயத்ரி நிலைப்படியில் வந்து நின்றாள். "என்னன்னு சொல்லும்மா, சேத்து விட்டுடறேன்."

"அப்புறம் சொல்லுதேன்."

"யக்கா!" என்று ஹாலிலிருந்து கத்தினான் பன்னீர்செல்வம். "எங்களுக்கு முதுவக் காட்டிகினு பேசிட்டாரு. ஒண்ணும் புர்ல. இன்னாக்கா சொன்னாரு அண்ணன்?"

தமயந்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணுமில்ல தம்பி. சொதி ரொம்ப நல்லா இருக்காம்."

பன்னீர்செல்வம் தன் இலையைப் பார்த்தான். அண்ணன் இலையையும் பார்த்தான். யார் இலையிலும் இன்னும் சொதி விழவே இல்லை.

அவள் அடுப்பை அணைத்தாள். சொதிச் சட்டியை இறக்கிச் சகாயமேரி கையில் கொடுத்தாள். மேடையில் மிச்சமிருந்த இலைகளில் ஒன்றை உருவித் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். ஹாலுக்கு வந்து, சங்கரலிங்கத்தின் இலைக்குப் பக்கத்தில் அதைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.